மார்பகத்தில் தட்டுப்படும் கட்டியும் தண்ணீரில் எடுக்கும் ஸ்கேனும்: ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

வாசகர் கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வசிக்கிறேன். வயது 49. ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு இடது மார்பகத்தின் மேல்பக்கம், வெளிப்புறமாக, பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. மேட்டுப்பாளையத்தில் எடுத்த ஸ்கேனில் 11 மி.மீ. என்றும், மூன்று வாரம் கழித்து ஊட்டியில் எடுத்ததில் 9 மி.மீ. என்றும் வந்தது. இரண்டாவது ரிப்போர்ட்டில் ‘ஒரு பக்கம் ஓரம் தெளிவாக இல்லை, பை-ராட்ஸ் 4ஏ, பயாப்ஸி தேவை’ என்று எழுதியிருக்கிறார்கள். கோவையில் எடுத்த மேமோகிராமில் ‘அடர்த்தி டி, கட்டி எதுவும் தென்படவில்லை’ என்று இருக்கிறது. மிச்சிகனில் இருக்கும் என் மகள், மார்பகத்தை அழுத்தாமல், கதிர்வீச்சு இல்லாமல், தண்ணீரில் வைத்தே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் டோமோகிராபி அமெரிக்காவில் இருக்கிறது, ஜூன் மாதம் அவளுடைய பிரசவத்துக்கு நான் அங்கே போகும்போது எடுத்துக்கொள்ளலாம், அதுவரை ஊசி வேண்டாம் என்கிறாள். ஊசி குத்தினால் கிளறிவிட்டது போலாகிப் பரவிவிடும் என்று இங்கேயும் சொல்கிறார்கள். கட்டி சுருங்கவும் செய்கிறதே, காத்திருக்கலாமா?

கதிரியக்கவியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்துக்குள், முடிந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே, பயாப்ஸியை, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து சிறிது சதையை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை, செய்துகொள்ளுங்கள். உங்கள் மகள் சொல்வது கற்பனையான கருவி அன்று. அக்கறையோடு தேடிப் படித்துத்தான் சொல்லியிருக்கிறார், அந்தக் கருவியின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கருவி விடை சொல்வதற்காக உருவாக்கப்பட்ட கேள்வி வேறு, உங்கள் கையில் தட்டுப்பட்ட கட்டி எழுப்பும் கேள்வி வேறு. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் மகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ‘4ஏ’ என்ற குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். பை-ராட்ஸ் என்பது மார்பகப் படங்களைப் பார்க்கும் மருத்துவர்கள் தங்கள் சந்தேகத்தின் அளவை ஒரே மொழியில் எழுதுவதற்காக வைத்துக்கொண்ட முறை. 3 என்று எழுதினால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று பொருள். 4ஏ என்றால் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல், 10 சதவீதத்துக்குள் என்று பொருள். அதாவது இப்படிப்பட்ட படமுள்ள 100 பெண்களில் 90 பேருக்காவது அது புற்றுநோயாக இருப்பதில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கலாம், அதுவே அதிகம் நடக்கக்கூடியது. ஆயினும் மீதமுள்ள சிலரை மற்றவர்களிடமிருந்து படத்தைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான், எண் 4 ஆனதும் ‘மீண்டும் பார்க்கலாம்’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு ‘சதையை எடுத்துப் பார்க்க வேண்டும்’ என்று எழுதுகிறோம்.

அடுத்து, கட்டி சுருங்குகிறது என்ற உங்கள் நம்பிக்கை. அதைக் கலைப்பது எனக்கும் வருத்தம்தான், ஆனால் 11 மி.மீ. 9 மி.மீ. ஆனதைக் கட்டி சுருங்கியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கையால் பிடித்து எடுக்கும் ஸ்கேனில் அளவு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஜெல் தடவிய தோலின் மேல் புரோபை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியை, வைத்து, கட்டி நன்றாகத் தெரியும் இடத்தில் படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, அதன் இந்த ஓரத்தில் ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி என்று நாங்கள் வைக்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை இயந்திரம் எண்ணாகச் சொல்கிறது. கட்டி அவரைக் கொட்டையைப் போல நீள்வட்டமாக இருந்தால், புரோப் சற்றே திரும்பினாலும் நீளம் குறையும். ஓரம் தெளிவாக இல்லாத கட்டியில் அந்த இரண்டாவது புள்ளியை எங்கே வைப்பது என்பதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வருவது சாதாரணம். இரண்டு ஊர், இரண்டு இயந்திரம், இரண்டு கை என்று ஆகும்போது 2 மி.மீ. வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது.

மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், எதுவும் தெரியவில்லை என்பதும் ஆறுதல் அன்று. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், பால் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளையாகவே விழும். உங்கள் அடர்த்தி ‘டி’, அதாவது நான்கு வகைகளில் மிக அடர்ந்தது, படம் ஏறக்குறைய முழுவதும் வெள்ளை. அதில் ஒரு சென்டிமீட்டர் கட்டி மறைந்து நிற்பது எங்களுக்குப் பழக்கமானதே. கையில் தட்டுப்படும் கட்டி இருக்கும்போது, மேமோகிராம் சுத்தமாக வந்தாலும் விசாரணையை நிறுத்துவதில்லை. அதற்காக அந்தப் பரிசோதனை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். மார்பகத்தின் மற்ற இடங்களில் சந்தேகப்படும்படியான நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று காட்டுவதில் மேமோகிராமுக்கு ஈடாக ஒலியலைக் கருவி எதுவும் இல்லை.

அடர்ந்த மார்பகத்தில் மேமோகிராம் தடுமாறுகிறது என்ற இந்தக் குறைதான் உங்கள் மகள் சொல்லும் கருவி பிறக்கக் காரணம். சாதாரண ஸ்கேன் எதிரொலியைக் கேட்கும் கருவி. கோடநாடு காட்சிமுனையில் நின்று குரல் கொடுத்தால் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு பாறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்; ஒலி போய்வரும் வேகம் தெரிந்திருந்தால் போதும். ஸ்கேன் இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஒலியின் வேகம் உண்மையில் தெரியாது. உடலின் மென்திசு எல்லாவற்றிலும் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொண்டு படத்தை வரைந்துவிடுகிறது. மார்பகத்தின் கொழுப்பில் உண்மையான வேகம் சுமார் 1,440 மீட்டர். அதனால் கொழுப்புக்கு அடியில் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒன்றை இயந்திரம் ஏறக்குறைய 4.3 சென்டிமீட்டரில் காட்டும். தினசரி வேலைக்கு இந்தப் பிழை பெரிதாகத் தடையாக இருப்பதில்லை. ஆனால் இதற்குள் ஒரு செய்தி வீணாகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் வெகுநாள் முன்பே கவனித்தார்கள். ஒலியின் வேகம் திசுவுக்குத் திசு மாறுகிறது என்றால், அந்த வேகத்தையே அளந்து, அதையே படமாக்கினால் என்ன?

1970களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் கிரீன்லீஃபும் அவருடன் இருந்தவர்களும் செய்து காட்டியது இதுதான். ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி, மறுபக்கத்தில் அது வந்து சேரும் நேரத்தை அளந்தார்கள். இப்படிப் பல கோணங்களில் அளந்து, சி.டி. ஸ்கேனில் செய்வது போலவே கணக்கிட்டு, உள்ளே எந்த இடத்தில் என்ன வேகம் என்ற வரைபடத்தைப் பெற்றார்கள். கொழுப்பு மெதுவானது, சுரப்பித் திசு அதைவிட வேகமானது, புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் 1,550 மீட்டரை ஒட்டி இன்னும் வேகமானது. அளக்க வேண்டியது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கொழுப்பின் நடுவே உங்கள் கட்டியைப் போல ஒரு சென்டிமீட்டர் கட்டி இருந்தால், அதன் வழியே செல்லும் ஒலி மற்ற ஒலியைவிட அரை மைக்ரோவினாடி, அதாவது ஒரு வினாடியை இருபது லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு, முந்தி வந்து சேரும். அந்த அரை மைக்ரோவினாடியைப் பிடிப்பதற்குத்தான் அவ்வளவு பெரிய இயந்திரம்.

நேரத்தைப் பிடித்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. எக்ஸ்ரே உடலுக்குள் நேர்கோட்டில் செல்லும், ஒலி அப்படியன்று. கொழுப்பிலிருந்து சுரப்பிக்குள் நுழையும்போது வளைகிறது, சிறிய பொருளைச் சுற்றிக்கொண்டு போகிறது. எந்த வழியாக வந்தது என்பது தெரியாமல், எங்கே வேகமாக வந்தது என்று சொல்ல முடியாது; எங்கே வேகமாக வந்தது என்பது தெரியாமல், எந்த வழியாக வந்தது என்றும் சொல்ல முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கப் பல ஆண்டுகள் ஆயின. பூமிக்கடியில் எண்ணெய் தேடுபவர்கள் நில அதிர்வலைகளைக் கொண்டு பாறை அடுக்குகளைக் கணக்கிடுவதற்காக உருவாக்கிய, வந்த அலையின் முழு வடிவத்தையும் பயன்படுத்தும் கணித முறை இங்கே கைகொடுத்தது. அந்தக் கணக்கைச் சில நிமிடங்களில் முடிக்கும் கணினிகளும் வர வேண்டியிருந்தது. டெட்ராய்ட்டில், உங்கள் மகள் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில், கார்மனோஸ் புற்றுநோய் நிலையத்தில் நெப் டூரிக்கும் பீட்டர் லிட்ரப்பும் செய்த வேலையிலிருந்து ‘சாஃப்ட்வ்யூ’ என்ற கருவி உருவானது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும் இதே துறையில் நீண்டகாலமாக ஆராய்ச்சி நடக்கிறது.

அந்தக் கருவியில் பெண் குப்புறப் படுத்துக்கொள்கிறார். மேசையில் உள்ள துளை வழியே மார்பகம் கீழே இளஞ்சூடான நீரில் தொங்குகிறது. 2,048 ஒலி உணரிகள் பதித்த ஒரு வளையம் மார்பகத்தைச் சுற்றி நின்றுகொண்டு, நெஞ்சுச் சுவரிலிருந்து காம்பு வரை அடுக்கடுக்காக இறங்கிப் படம் எடுக்கிறது. அழுத்துவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. நீர் ஏன் என்றால், புரோபின் ஜெல்லைப் போலக் காற்று இடையே வராமல் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. அந்த நீரின் வெப்பத்தையும் கண்காணிக்க வேண்டும். 20 டிகிரி நீரில் ஒலியின் வேகம் சுமார் 1,482 மீட்டர், 30 டிகிரியில் சுமார் 1,509. நம் மலையில் தை மாதத்தில் குழாயைத் திறந்தவுடன் வரும் நீரில் எடுத்தால் உடம்பு நடுங்குவது மட்டுமல்ல, கணக்கும் தவறிப்போகும்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அது ஆளின் கையை நம்பியிருக்கவில்லை என்பது. மேட்டுப்பாளையத்தில் 11, ஊட்டியில் 9 என்று உங்களைக் குழப்பிய வேறுபாட்டுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. வளையம் ஒவ்வொரு முறையும் அதே வழியில் முழு மார்பகத்தையும் எடுப்பதால், இந்த ஆண்டுப் படத்தையும் அடுத்த ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எலும்பும் காற்றும் ஒலியைத் தடுப்பவை. அவை இரண்டும் இல்லாமல் உடலிலிருந்து தனித்துத் தொங்கும் உறுப்பு என்பதால்தான் மார்பகம் இந்த முறைக்கு முதலில் வாய்த்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எப்.டி.ஏ. 2021 அக்டோபரில் அந்தக் கருவிக்கு அனுமதி அளித்தபோது யாருக்காக அளித்தது என்பதைப் பாருங்கள். அடர்ந்த மார்பகம் உடைய, எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்கு, மேமோகிராமுடன் சேர்த்துச் செய்யும் முன்பரிசோதனையாக. அதாவது ‘இந்த மார்பகத்தில் கண்ணுக்கும் கைக்கும் தப்பிய ஏதாவது இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு உதவும் கருவி அது. உங்களுக்கு அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. ஒன்று இருக்கிறது, அது கையிலேயே தட்டுப்படுகிறது. ‘அது என்ன?’ என்பதே இப்போதைய கேள்வி. அந்த வளையம் உங்கள் கட்டியில் ஒலியின் வேகம் 1,550 என்று சொன்னாலும், அதைப் பார்க்கும் மருத்துவர் அடுத்த வரியில் பயாப்ஸி தேவை என்றுதான் எழுதுவார். 1,500 என்று சொன்னால்? ஓரம் தெளிவில்லாத ஒரு கட்டியை அந்த எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடும் மருத்துவரை நான் அறியேன். நானும் விட மாட்டேன். எப்படிச் சுற்றினாலும் வழி ஊசியிடமே வந்து நிற்கிறது, இடையில் ஐந்து மாதம் போயிருக்கும்.

இன்னும் ஒன்று. அருகில் இருக்கும் ஒரே ஒரு கட்டியைக் கூர்ந்து பார்ப்பதற்கு, உங்களுக்கு ஊட்டியில் எடுத்த சாதாரண ஸ்கேனே கூர்மையானது. மார்பகத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் புரோப் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குகிறது. மார்பகம் முழுவதையும் ஊடுருவ வேண்டிய அந்த வளையம் 3 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்க முடிகிறது. அதிர்வெண் குறைந்தால் நுணுக்கம் குறையும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதை நீரில் தொங்கவிட்டுப் பார்க்க முடியாது; கையில் பிடிக்கும் புரோபால்தான் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அக்குளைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாப்ஸி அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி ஊசியைப் பற்றி. கிளறிவிட்டால் பரவும் என்ற பயம் நம் மலையில் மட்டும் இல்லை, சமவெளியிலும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது: கட்டியை ஓரிரு ஆண்டு மறைத்து வைத்திருந்து, தோல் சுருங்கிய பிறகு வருபவருக்கு அப்போதுதான் ஊசி போடுகிறார்கள், பிறகு எடுக்கும் ஸ்கேனில் கல்லீரலிலும் எலும்பிலும் பரவியிருப்பது தெரிகிறது. ஊசிக்குப் பிறகு தெரிந்தது ஊசியால் வந்ததாக ஊர் நினைவில் தங்கிவிடுகிறது. ஊசி சென்ற தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் அங்கேயே அழிந்துவிடுகின்றன, பயாப்ஸி செய்துகொண்டதால் பெண்களின் ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதனால்தான் உலகெங்கும் அறுவைக்கு முன்பே ஊசியால் உறுதிசெய்யும் முறை நிலைபெற்றிருக்கிறது.

கேட்கும்போது ‘ட்ரூகட் பயாப்ஸி, ஸ்கேன் பார்த்துச் செய்ய வேண்டும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் எப்.என்.ஏ.சி. போதாது, அது சில செல்களைக் காட்டுமே தவிர, திசு எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காட்டாது, புற்றுநோய் என்றால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஹார்மோன் பரிசோதனைகளுக்கும் பெரும்பாலும் போதுமானதாக இராது. ட்ரூகட்டில் முதலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த எரிச்சல்தான் நீங்கள் உணரும் பெரிய வலி. பிறகு இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியைத் திரையில் பார்த்துக்கொண்டே கட்டியின் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்துவோம். விசையை அழுத்தும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திடுக்கிடுகிறார்கள், ஆகவே முன்பே சொல்லிவிடுகிறேன். சேமியாத் துண்டு போன்ற மெல்லிய வெள்ளைச் சதை மூன்று முதல் ஐந்து வரை எடுத்து, ஃபார்மலின் புட்டியில் போடுவார்கள். வெள்ளையாகவும் உறுதியாகவும் உள்ள துண்டு அடியில் அமிழ்ந்தால் எனக்கு மனம் நிறையும். மஞ்சளாக மிதந்தால் கொழுப்பு வந்திருக்கிறது, இன்னொரு துண்டு எடுப்பேன். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு நாள் இலை மூட்டை தூக்க வேண்டாம், இடது கையால் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டவும் வேண்டாம். சற்றுக் கன்றிப்போவது சில நாளில் ஆறிவிடும்.

முடிவு வந்ததும் ஒரு காரியம் செய்ய வேண்டும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். சதைப் பரிசோதனைத் தாளை, ஸ்கேன் எடுத்த மருத்துவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘சாதாரண மார்பகத் திசு’ என்று தாள் சொன்னால், அது அவர் திரையில் பார்த்த கட்டிக்குப் பொருந்துகிறதா, இல்லை ஊசி பக்கத்தில் பட்டுவிட்டதா என்பதை அவரால்தான் சொல்ல முடியும். ‘ஃபைப்ரோஅடினோமா’ (புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி) போன்ற தெளிவான பெயர் வந்து, அது படத்துக்கும் பொருந்தினால் கவலையை விட்டுவிடலாம். பொருந்தவில்லை என்றால் மீண்டும் எடுக்க வேண்டும், அல்லது கட்டியையே அகற்றிப் பார்க்க வேண்டும். புற்றுநோய் என்றே வந்தாலும், ஒரு சென்டிமீட்டர் அளவில் பிடித்த நோய்க்கும் ஐந்து மாதம் வளரவிட்ட நோய்க்கும் சிகிச்சையிலும் முடிவிலும் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும். அதற்காகத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். அங்கே தேதி தள்ளிப்போனால் கோவை அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் தாள்களோடு இரண்டு ஸ்கேன் படங்களையும் மேமோகிராம் சி.டி.யையும் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு எழுத்தைவிடப் படம்தான் பேசும்.

உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை. இங்கிருந்து வருபவர்களுக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ், பயணத்துக்கு முன்பே இருந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. கட்டியோடு அம்மாவை அங்கே அழைத்து, அங்கே அது வேறொன்று என்று தெரியவந்தால், பிரசவ நேரத்தில் உங்கள் குடும்பம் எதிர்கொள்ள வேண்டியது நோயை மட்டுமன்று. மாறாக, பயாப்ஸியில் நல்ல முடிவு வந்து கட்டியின் விவகாரம் முடிந்துவிட்டால், உங்கள் அம்மா அடர்ந்த மார்பகம் உடைய, வேறு புகார் இல்லாத பெண். அந்தக் கருவி யாருக்காக அனுமதிக்கப்பட்டதோ, அவர்களில் ஒருவர். அப்போது, செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆண்டு மேமோகிராமோடு சேர்த்து அதை எடுத்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஜூன் மாதப் பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை, சகோதரி. தேதி மாற்றக்கூடிய சீட்டாக இருக்கிறதா என்று மட்டும் மகளிடம் கேட்டு வையுங்கள்.